முதுகுக்கு ஒரு குறையும் இல்லை

நவம்பர் 6

எனக்கு முதுகு நோ. இதைத் தினமும் எழுதிவைக்கச் சொன்னது நோர்வே அரசாங்கம்.

சும்மா சொல்லக்கூடாது, மரியாதையாகத்தான் சொன்னார்கள். நலன்புரிக் கந்தோரில் என் விஷயத்தைப் பார்ப்பவள் சில்யே என்கிற பிள்ளை. என் மகள் ஆரணியை விடச் சின்னவள். எங்கே நோகிறது, எப்போது நோகிறது, பூச்சியத்திலிருந்து பத்துக்குள் எவ்வளவு நோகிறது என்று எழுதினால் என் வருத்தத்தை நானே விளங்கிக்கொள்ளலாமாம். எந்தப் பாஷையிலும் எழுதலாம், ஒருவரும் வாங்கிப் பார்க்கமாட்டார்கள் என்றாள். ஒருவரும் பார்க்காத ஒன்றை எழுதச் சொல்லிச் சம்பளம் வாங்குகிற உத்தியோகம் இந்த நாட்டில்தான் உண்டு.

சரி, எழுதுகிறேன். பெயர் சபாநேசன். வயது ஐம்பத்தைந்து. பிறந்தது சண்டிலிப்பாய். வந்த புதிதில் வடக்கே மீன் கொம்பனியில் மீன் வெட்டினேன், பிறகு இந்த நகரத்துக்கு வந்து பஸ் சாரதி ஆனேன். ஆகஸ்டில், விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் தொடங்கிய கிழமை, ஒரு காலை பாலத்துக்கு முந்திய தரிப்பில் பஸ்ஸை நிறுத்தினேன். ஆட்கள் ஏறினார்கள். கதவைச் சாத்தினேன். அதற்குப் பிறகு பஸ்ஸை எடுக்க முடியவில்லை. முதுகு பிடித்துக்கொண்டது. வேறொரு சாரதி வந்துதான் எடுத்துக்கொண்டு போனார். அவ்வளவுதான் கதை.

சில்யே முதல்முறை கூப்பிட்டபோது, அன்றைக்கு என்ன நடந்தது என்று கேட்டாள். எனக்கு அவர்களுடைய பாஷை நன்றாகத் தெரியும். குடிவெறிகாரனை பஸ்ஸிலிருந்து இறக்குகிற அளவுக்குத் தெரியும். ஆனால் அன்றைக்கு வாயைத் திறந்தேன். ஒரு சொல் வரவில்லை. அவள் பாவம், இந்த மனிசனுக்குப் பாஷை தெரியாது என்று நினைத்துவிட்டாள். அடுத்தமுறை தமிழ் மொழிபெயர்ப்பாளர் ஒருவரைப் போனில் பிடித்துத் தருகிறேன் என்றாள். நான் தலையாட்டிவிட்டு வந்தேன். இத்தனை வருசம் இருந்தும் பாஷை படிக்காத மொக்கன் என்று நினைத்தால் நினைக்கட்டும். அது பரவாயில்லை.

நோ: ஆறு. ஐந்து என்றால் வேலைக்கு அனுப்புவார்கள், ஏழு என்றால் ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார்கள்.

நவம்பர் 10

முதுகு நோ எங்கள் சனத்திடம் மரியாதையான வருத்தம். உழைத்தவனுக்குத்தான் அது வரும் என்று ஒரு எண்ணம். இன்றைக்குத் தமிழ்க் கடையில் அரிசி வாங்கப் போனேன். நாலு பேர் நாலு வைத்தியம் சொன்னார்கள். ஒருவர் வேப்பெண்ணெய் என்றார், ஒருவர் நல்லெண்ணெய்க்குள் உள்ளிப்பூண்டு போட்டுக் காய்ச்சச் சொன்னார். மூன்றாமவர் தன் சட்டையைத் தூக்கித் தன் முதுகைக் காட்டினார். நாலாமவர் என் அரிசி மூட்டையைக் கார் வரைக்கும் தூக்கிக்கொண்டு வந்தார். அவருக்கு எழுபது வயதிருக்கும். நான் பின்னால் கையை வீசிக்கொண்டு நடந்தேன்.

போன வருசம் இதே கடைக்கு வந்துகொண்டிருந்த ஒருவர் மனச்சோர்வுக்குக் குளிசை எடுக்கிறார் என்று கதை வெளியே வந்தது. வெறும் வாய் மென்றவர்களுக்கு அவல் கிடைத்தது. அவருடைய மகனுக்குப் பேசிய இடம் ஒரு கிழமைக்குள் கலைந்துபோனது. விசர்க் குடும்பம் என்று முடிவுகட்டிவிட்டார்கள். அந்த மனிசன் இப்போது கடைக்கு வருவதில்லை.

ஆரணிக்கு இப்போது கலியாணம் பேசுகிறோம். பெடியன் பெயர் மதுரன். பிள்ளைகள் இருவரும் ஏற்கனவே விரும்பித் தீர்மானித்துவிட்டுத்தான் எங்களைக் கொண்டு சாதகம் பார்ப்பித்திருக்கிறார்கள். பெடியனுடைய தாய் மட்டும் இன்னும் விசாரித்துக்கொண்டிருக்கிறாவாம். விசாரிக்கட்டும். அப்பனுக்கு முதுகு நோ, வேறென்ன.

இரவில் என் மனுசி தவமலர் எண்ணெயைச் சூடாக்கிக்கொண்டு வந்து முதுகில் தேய்ப்பாள். எங்கே நோகுது என்று கேட்பாள். நான் ஒரு இடத்தைக் காட்டுவேன். அவள் அந்த இடத்தில் தேய்ப்பாள்.

நவம்பர் 15

சிரிப்பதா, தலையில் கைவைப்பதா என்று தெரியவில்லை.

சில்யே போனை மேசைக்கு நடுவில் வைத்து ஒலிபெருக்கியை அழுத்தினாள். ஒரு குரல் வந்தது. வணக்கம் சொன்னது. தான் மொழிபெயர்ப்பாளர் என்றும், சொல்வதைக் கூட்டாமல் குறைக்காமல் மொழிபெயர்ப்பேன் என்றும், நான் ‘நான்’ என்று சொன்னால் தானும் ‘நான்’ என்றே சொல்வேன் என்றும், இங்கே பேசுவதை வெளியில் ஒருவருக்கும் சொல்லமாட்டேன் என்றும் ஒப்புவித்தது. பெயர் சொல்லவில்லை. இலக்கம் சொன்னது.

இலக்கம் எதற்கு. இந்த நகரத்தில் பிறந்த குழந்தைக்கும் அந்தக் குரலைத் தெரியும். கலியாணம், பெண்பிள்ளை பெரியவளானால் சாமத்தியவீடு, பொங்கல் விழா, ஆள் செத்தால் அந்தியேட்டி என்று எல்லாவற்றிலும் மைக்கைப் பிடித்து ‘அடுத்த நிகழ்வாக’ என்று உருட்டுகிற குரல். குலவீரசிங்கம், சுருக்கி வீரசிங்கம். அவர்தான் மதுரனுடைய தகப்பன்.

அவருக்கும் என் குரல் தெரிந்திருக்கும். இரண்டு பேரும் ஒன்றும் சொல்லவில்லை. சொந்தக்காரர் என்றால் மொழிபெயர்ப்பாளர் விலகவேண்டும் என்று சட்டம் இருக்கிறதாம். நாங்கள் இன்னும் சொந்தக்காரர் ஆகவில்லையே. அவர் விலகினால் ஏன் என்று சில்யே கேட்பாள். நான் வேண்டாம் என்றாலும் கேட்பாள். ஆகவே இருவரும் ஒருவரை ஒருவர் தெரியாதவர்களானோம். அவர் என்னை ஐயா என்றார். நானும் அவரை ஐயா என்றேன்.

முதுகு கொஞ்சம் நோகுது என்றேன். அவர் அதை நோர்வேஜிய மொழியில், “கடந்த சில மாதங்களாக என் முதுகில் கடுமையான நோவினால் நான் அவதிப்படுகிறேன்” என்றார். கூட்டமாட்டேன் என்று சற்று முன்புதான் சத்தியம் செய்தவர். அவருடைய வாயில் என் முதுகு பிரதம விருந்தினராகிவிட்டது. சில்யேயின் கண் கலங்கியது. உடனே முதுகு சாய்த்து உட்கார விசேஷக் கதிரை ஒன்றும், முதுகுப் பயிற்சி வகுப்பும், இடுப்புப் பட்டியும் ஒழுங்குசெய்தாள்.

அந்தக் கதிரையின் விலைக்குச் சண்டிலிப்பாயில் ஒரு கிணறு வெட்டலாம்.

நவம்பர் 18

மண்டபத்தில் ஒரு பிள்ளையின் முதலாவது பிறந்தநாள். பட்டியைக் கட்டிக்கொண்டு போனேன். பாலத்தில் வாகன நெரிசலாக இருக்கும் என்று சுற்றுப் பாதையால் போனதில் ஒரு மணித்தியாலம் பிந்திவிட்டது. ஞாயிற்றுக்கிழமை என்ன நெரிசல் என்று தவமலர் கேட்கவில்லை. நல்ல மனுசி.

வீரசிங்கம் என்னைக் கண்டதும் கட்டிப்பிடித்து, முதுகு எப்படி என்று கேட்டார். பரவாயில்லை என்றேன். நல்லெண்ணெய் நல்லது என்றார். ஓம் என்றேன். இவ்வளவுதான் கதைத்தோம். பெரிய நடிகர்கள் நாங்கள்.

கேக் வெட்டுகிற நேரம் ஆளைக் காணவில்லை. எனக்கு பாத்றூம் போகவேண்டியிருந்தது. கதவு பூட்டியிருந்தது. உள்ளே குழாய் திறந்தபடி சளசளவென்று ஓடிக்கொண்டிருந்தது. நெடுநேரம் நின்றேன். பின்னால் நின்றவர், வீரசிங்கம் அண்ணை உள்ளே ஒத்திகை பார்க்கிறார் போல என்றார். நாங்கள் சிரித்தோம். வெளியே வந்தபோது முகமெல்லாம் தண்ணீர், கண் சிவந்திருந்தது. எங்களைக் கண்டதும் சிரித்தார். நேராகப் போய் மைக்கை எடுத்து, சின்னஞ்சிறு மொட்டு மலரும் இந்த நன்னாளிலே என்று தொடங்கிவிட்டார். அடிக்கடி முகம் கழுவுகிற பழக்கம் அவருக்கு. சுத்தமான மனிசன்.

நவம்பர் 29

வேலைத் திறனைச் சோதிக்கப் போகிறார்களாம். இருபத்தாறு வருசம் வேலை செய்தவனுக்கு வேலை செய்யத் தெரியுமா என்று இப்போதுதான் சந்தேகம் வந்திருக்கிறது.

டிசம்பர் 4

வேலைத் திறன் சோதிக்கிற கூடத்துக்குப் போனேன். வேதக்கோயில்களிலும் ஆட்களைப் புதைக்கிற சவக்காலைகளிலும் எரிந்து மிஞ்சிய மெழுகுதிரித் துண்டுகளை மூட்டை மூட்டையாகக் கொண்டுவந்து கொட்டியிருக்கிறார்கள். அதை உருக்கிப் புது மெழுகுதிரி செய்யவேண்டும். எனக்குத் திரி வெட்டுகிற வேலை. அதற்கும் விசேஷக் கதிரை. கூடத்தின் ஜன்னலால் பார்த்தால் கடலும் பாலமும் தெரிகிறது. எல்லோரும் அந்தப் பக்கம் இருக்கத்தான் ஆசைப்பட்டார்கள். நான் ஜன்னலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருந்தேன். முதுகு நோ உள்ளவனுக்கு வெயில் படுவது நல்லது. டிசம்பரில் இங்கே வெயில் இல்லை என்பது வேறு விஷயம்.

எனக்குப் பக்கத்தில் ரைடார் என்று ஒரு கிழவன். முன்பு பள்ளிக்கூட அதிபராக இருந்தவனாம். கோப்பி இடைவேளையில் வந்து கையைக் குலுக்கி, எனக்கு மனச்சோர்வு, இரண்டுமுறை ஆஸ்பத்திரியில் இருந்திருக்கிறேன், உனக்கு என்ன என்று கேட்டான். பெயரைச் சொன்ன அதே மூச்சில் இதையும் சொல்கிறான். சீனி வேண்டுமா என்று அதற்குப் பிறகுதான் கேட்டான். இவர்களிடம் வெட்கம் என்ற சாமானே கிடையாது.

முதுகு என்றேன். ஓ, முதுகு என்று தலையாட்டினான். என் கதிரையைப் பார்த்தான், ஜன்னலைப் பார்த்தான், பிறகு பிஸ்கட்டை நீட்டினான். எனக்கு அந்தப் பார்வை பிடிக்கவில்லை.

டிசம்பர் 12

முதுகுப் பயிற்சி வகுப்பில் ஒருத்தி என்னைக் குப்புறப் படுக்கவைத்து, காலைத் தூக்கு, கையைத் தூக்கு என்று ஒரு கிழமையாக வதைத்தாள். இன்று காலை எழும்பமுடியவில்லை. இப்போது உண்மையாகவே முதுகு நோகிறது.

நோ: எட்டு. இந்தப் புத்தகத்தில் நான் எழுதிய முதல் உண்மை.

டிசம்பர் 19

ஸ்கான் பண்ணினார்கள். வைத்தியர் படத்தை வெளிச்சத்தில் பிடித்து, உன்னுடைய வயதில் இப்படி ஒரு முதுகை நான் கண்டதில்லை, முப்பது வயதுப் பெடியனின் முதுகு என்று பாராட்டினார். எனக்குக் கோபம்தான் வந்தது. நாலு மாதம் பாடுபட்டுக் கட்டிய முதுகு நோவை ஒரு படத்தில் இடித்துவிட்டார்.

வீட்டில் தவமலரிடம் சொன்னேன். நல்ல செய்திதானே என்றாள். ஆனால் எண்ணெய்ச் சட்டியை அடுப்பில் வைத்துவிட்டுத்தான் சொன்னாள்.

ஜனவரி 9

போனோடு இரண்டாவது சந்திப்பு. மறுபடியும் அதே குரல், அதே இலக்கம்.

முதுகு நன்றாக இருப்பதால், வேறு ஏதாவது காரணம் இருக்குமோ என்று சில்யே பக்குவமாகத் தொடங்கினாள். நித்திரை வருகிறதா, மனநிலை எப்படி, பஸ் ஓட்டுவதை நினைத்தால் பயம் ஏதும் உண்டா என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். வீரசிங்கம் ஒவ்வொன்றாகத் தமிழில் சொன்னார். மனநிலை என்ற சொல் வந்தபோது அவருடைய குரல் கொஞ்சம் இடறியது.

எல்லாம் நல்லா இருக்கு, பயம் ஒன்றும் இல்லை என்றேன்.

அவர் உடனே மொழிபெயர்க்கவில்லை. ஒருதரம் செருமினார். “கேள்வி விளங்கினதோ ஐயா? வேணுமெண்டால் திருப்பிச் சொல்லட்டோ?” என்று கேட்டார். அப்படிக் கேட்கச் சொல்லி அவருக்கு ஒருவரும் சொல்லவில்லை. வடிவா விளங்கினது என்றேன். அதற்குப் பிறகு அவர், நான் மிகவும் நன்றாக இருக்கிறேன், எனக்கு ஒரு பயமும் இல்லை என்று நோர்வேஜிய மொழியில் சொன்னார். சொன்ன விதத்தைக் கேட்டால் கல்லும் நம்பாது. மைக் பிடிக்கிற மனிசன் இவ்வளவு மோசமாகப் பொய் சொல்லுவாரென்று நான் நினைக்கவில்லை.

சில்யேக்கு வேறு வழியில்லை. அப்படியானால் வேலைக்குத் திரும்பலாம், பெப்ரவரியில் கந்தோர் வைத்தியரையும் வைத்துக்கொண்டு முடிவெடுப்போம் என்றாள். நன்றி சொல்லிவிட்டு வந்தேன்.

வேலைக்குப் போகப்போகிறேன். சந்தோஷம்தானே. ஒரு நேரமும் சாப்பிடவில்லை.

ஜனவரி 20

சம்பந்தம் கலந்து பேச வந்தார்கள். வீரசிங்கம், அவருடைய மனுசி, மதுரன். தவமலர் வடை சுட்டாள். ஆரணி வேலையால் வந்த களைப்போடு சேலை உடுத்துக்கொண்டு வந்து இருந்தாள். அவளும் மதுரனும் ஒருவரை ஒருவர் முன்பின் பார்க்காதவர்கள் மாதிரி இருந்ததைப் பார்க்க, இந்தக் கலை எங்கள் இரு குடும்பத்துக்கும் பொதுவாக இருக்கிறது என்று தெரிந்தது.

வீரசிங்கத்தின் மனுசி விசாரிப்பதில் பொலிசை வெல்லுவா. எந்த வைத்தியர், எவ்வளவு நாள் லீவு, என்ன குளிசை என்று கேட்டுக்கொண்டே போனா. கடைசியில் வடையைப் பிய்த்தபடி, “முதுகு மட்டும்தானே அண்ணை? வேற ஒண்டும் இல்லையே?” என்று கேட்டா.

நான் வாயைத் திறக்க முதல் வீரசிங்கம் முந்திக்கொண்டார். “முதுகுதான். எனக்குத் தெரியும்.”

உங்களுக்கு எப்படித் தெரியும் என்று மனுசி திரும்பினா. அவர் முழித்த முழியை என்னால் மறக்கமுடியாது. கடையில் சனம் கதைக்குது என்று சமாளித்துவிட்டு, பாத்றூம் எங்கே என்று கேட்டு எழும்பிப் போனார். குழாய் நெடுநேரம் ஓடியது. தண்ணீர்க் கட்டணம் எனக்கு.

பெப்ரவரி 3

ஆவணியில் நாள் வைத்தாயிற்று. ஆரணி என்னைக் கட்டிப்பிடித்து அழுதாள். சந்தோஷத்தில் அழுகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பொறாமையாக இருக்கிறது.

பெப்ரவரி 11

பஸ் கொம்பனியிலிருந்து போன். உனக்காக உன்னுடைய பழைய பாதையையே வைத்திருக்கிறோம் என்று பெரிய உபகாரம் செய்தவன் மாதிரிச் சொன்னான். காலை ஏழரை மணி பஸ். பாலத்துக்கு அந்தப் பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்குப் போகிற பிள்ளைகள் முழுப்பேரும் அதில்தான். பிள்ளைகள் என்னைத் தேடுகிறார்களாம். ஒரு சின்னன், சுருட்டை முடிப் பெட்டை, நான் எங்கே என்று புது சாரதியிடம் ஒவ்வொரு நாளும் கேட்கிறாளாம்.

பாலம் வரைக்கும் நடந்து போய்ப் பார்த்தேன். தரிப்புக்குக் கிட்டப் போனதும் திரும்பிவிட்டேன். சரியான குளிர்.

பெப்ரவரி 18

நாளைக்கு முடிவு.

தவமலர் எண்ணெய் கொண்டுவந்தாள். எங்கே நோகுது என்று கேட்டாள். வலப்பக்கத்தைக் காட்டினேன். நேற்று இடப்பக்கம் காட்டினனீங்கள் என்றாள். நான் குப்புறக் கிடந்தேன். அவள் தேய்த்துக்கொண்டே இருந்தாள். முகம் தெரியாதபோதுதான் அவள் முக்கியமான கதைகளைச் சொல்வாள்.

“ஆகஸ்டிலயிருந்து நாங்கள் பாலத்தால போகேல்லை. கோயிலுக்கும் சுத்திப் போறம், கடைக்கும் சுத்திப் போறம். நான் ஒண்டும் கேக்கேல்லை” என்றாள். இன்னும் கொஞ்சம் எண்ணெயை ஊற்றிக்கொண்டு, “எங்கட பிள்ளையின்ர கலியாணத்துக்காண்டி மற்றவையின்ர பிள்ளையளை ஏத்திக்கொண்டு போகாதையுங்கோ” என்றாள்.

முகத்தைத் தலையணையில் புதைத்துக்கொண்டேன். இத்தனை நாளும் நல்ல முதுகுக்கு எண்ணெய் தேய்க்கிறோம் என்று தெரிந்துகொண்டேதான் தேய்த்திருக்கிறாள். வெட்கமாக இருந்தது. அதைவிட ஆறுதலாக இருந்தது. மனுசி பொல்லாதவள்.

பெப்ரவரி 19

எழுதிவிடுகிறேன். எழுதாவிட்டால் நானே நாளைக்கு நம்பமாட்டேன்.

கந்தோர் வைத்தியர், சில்யே, நான், நடுவில் போன். குரல் வணக்கம் சொல்லி, கூட்டாமல் குறைக்காமல் என்று மறுபடியும் ஒப்புவித்தது. வைத்தியருக்கு நேரமில்லை. முதுகு நல்லம், மனநிலை நல்லம், ஆகவே திங்கட்கிழமை தொடக்கம் பஸ் ஓட்டலாம்தானே என்று கேட்டுவிட்டுப் பேனையைத் திறந்தார்.

வீரசிங்கம் அதைத் தமிழில் சொன்னார். ஓம் என்று ஒரு சொல் சொன்னால் போதும். ஆரணியின் கலியாணம் ஒழுங்காக நடக்கும். நான் அந்தச் சுருட்டை முடிப் பெட்டையை நினைத்தேன்.

“எனக்கு முதுகு நோ இல்லை” என்றேன். பிறகு நிறுத்தவில்லை. “அண்டைக்கு பாலத்துக்கு முன்னால நிப்பாட்டின நேரம், ஒருக்கா ஸ்டியரிங்கைக் கடல் பக்கம் வளைச்சாப் போதும், எல்லாம் முடிஞ்சிடும் எண்டு மனம் சொல்லிச்சுது. அண்டைக்கு மட்டும் இல்லை, அதுக்கு முந்தியும் நெடுக அப்பிடித்தான். பின்னால பிள்ளையள் பாடிக்கொண்டு இருந்துதுகள். எனக்கு என்னிலயே பயம் வந்திட்டுது. அதுதான் பஸ்ஸை எடுக்கேல்லை. இப்பவும் எடுக்க ஏலாது.”

போனில் சத்தம் இல்லை. லைன் அறுந்துவிட்டதோ என்று சில்யே ஹலோ ஹலோ என்றாள். நானும் முடிந்தது என்றுதான் நினைத்தேன். பெடியனைப் பெற்ற மனிசன், இந்த நேரம் மனுசிக்குப் போன் எடுத்துக்கொண்டிருப்பார்.

பிறகு குரல் வந்தது. உருட்டல் இல்லை, அலங்காரம் இல்லை. எனக்கு முதுகு நோ இல்லை என்று தொடங்கி, பாலம், வளைவு, பிள்ளைகளின் பாட்டு, என்னிலேயே எனக்குப் பயம் என்று நான் சொன்ன அத்தனையையும் சொன்னார். ஒன்றையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. அவர் இவ்வளவு ஒழுங்காக மொழிபெயர்த்து நான் அன்றைக்குத்தான் கேட்டேன். முடிந்தது என்று நான் மூச்சு விட்டேன்.

முடியவில்லை. அவர் நோர்வேஜிய மொழியில் சொல்லிக்கொண்டே போனார்.

“நான் பாத்றூமைப் பூட்டிக்கொண்டு அழுகிறேன். குழாயைத் திறந்துவிட்டால் வெளியே கேட்காது. பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து மைக்கில் சிரிக்கிறேன். எத்தனை வருசம் என்று தெரியாது. என் மனைவிக்குத் தெரியாது, மகனுக்குத் தெரியாது. எல்லோரும் என்னைச் சந்தோஷமான மனிதன் என்கிறார்கள். நான் களைத்துவிட்டேன்.”

அதோடு குரல் நின்றது. மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது.

வைத்தியர் வேகமாக எழுதிக்கொண்டிருந்தார். மைக் என்று வந்ததும் நிமிர்ந்து பார்த்தார். பஸ்ஸில் தரிப்புகளை அறிவிக்க மைக் இருக்கிறது என்று சில்யே அவருக்கு விளக்கினாள். அவர் தலையாட்டி அதையும் எழுதினார். எனக்கு மகன் இல்லை என்பதை ஒருவரும் கவனிக்கவில்லை. இவ்வளவு படித்தவர்கள்.

வைத்தியர் பேனையை வைத்துவிட்டு என்னைப் பார்த்து ஏதோ கேட்டார். வீரசிங்கம் மெதுவாக மொழிபெயர்த்தார். “நான் சொன்னதெல்லாம் உண்மையோ எண்டு கேக்கிறார்.”

யார் சொன்னது என்று நான் கேட்கவில்லை. வைத்தியரைப் பார்த்து அவருடைய பாஷையிலேயே சொன்னேன். ஓம், எல்லாம் உண்மை, ஒரு சொல்லும் பொய் இல்லை, மிச்ச நாளெல்லாம் பொய் சொன்னதுதான் பிழை என்று தடங்கலில்லாமல் சொன்னேன். சில்யே வாயைப் பிளந்துகொண்டு என்னைப் பார்த்தாள். போனில் ஒரு விம்மல் கேட்டது. உடனே, நன்றி, மொழிபெயர்ப்பு முடிந்தது என்று சொல்லி லைனை வெட்டிவிட்டார்.

பெப்ரவரி 20

இனி பஸ் இல்லை. சிகிச்சைக்கு அனுப்புகிறார்கள், கிழமைக்கு ஒருநாள் கதைக்கவேண்டும். பிறகு பாதி நாள் வேறு வேலை, மிச்சத்துக்கு இயலாமைப் பென்சன் கிடைக்கும்போல இருக்கிறது என்று சில்யே சொன்னாள். நிலைமை இவ்வளவு கடுமை என்று தெரியாமல் போனதற்கு மன்னிப்பும் கேட்டாள். குழாய்க் கதைதான் வைத்தியரின் மனதை மாற்றியதாம். நான் பஸ்ஸோடு பிள்ளைகளைக் கடலில் இறக்கப் பார்த்தவன். அதைவிட அவருக்குக் குழாய்தான் பெரிதாகப் பட்டிருக்கிறது. நியாயமாகப் பார்த்தால் பென்சனில் பாதி சம்பந்திக்குச் சேரவேண்டும்.

கதிரையைத் திருப்பி எடுக்க வருவார்களாம். அது மட்டும் கவலை.

மெழுகுதிரிக் கூடத்தில் ரைடாரிடம் சொன்னேன், எனக்கு முதுகு இல்லை என்று. தெரியும் என்றான். சீனி வேண்டுமா என்று கேட்டான்.

மார்ச் 3

வீரசிங்கம் வீட்டிலிருந்து ஒரு சத்தமும் இல்லை. ஆரணி எத்தனையோ தரம் போனைப் பார்க்கிறாள். மதுரன் கதைக்கிறான், ஆனால் தகப்பன் ஒருவரோடும் கதைக்கிறாரில்லையாம். போன ஞாயிறு மண்டபத்தில் ஒரு சாமத்தியவீடு. மைக் பிடிக்க வேறு ஒருவரைக் கூப்பிட்டார்களாம். பிள்ளையின் வாழ்க்கையில் நானே கல்லைப் போட்டுவிட்டேனோ என்று நினைக்க நெஞ்சு எரிகிறது.

மார்ச் 11

இன்று பின்னேரம் மணி அடித்தது. கதவைத் திறந்தால் வீரசிங்கம். தனியாக வந்திருந்தார். கையில் மாம்பழப் பெட்டி. இந்தப் பனிக்குள் மாம்பழம் எங்கே பிடித்தாரோ.

இருவரும் வரவேற்பறையில் இருந்தோம். தவமலர் குசினிக்குள் தேத்தண்ணி போட்டாள். ஆரணி அறைக்குள் இருந்தாள். பனியைப் பற்றிக் கதைத்தோம். மாம்பழத்தைப் பற்றிக் கதைத்தோம். போனைப் பற்றிக் கதைக்கவில்லை. இரகசியம் காக்கிறதாகச் சத்தியம் செய்தவர் அவர். நான் சத்தியம் ஒன்றும் செய்யவில்லை.

வேறு ஒன்றும் தோன்றாமல் அவர் பழையபடி கேட்டார், முதுகு எப்படி என்று.

“நல்லம். நீங்களும் ஒருக்கா வைத்தியருக்கு முதுகைக் காட்டுங்கோவன் அண்ணை” என்றேன்.

“எனக்கு முதுகு நோ இல்லையே” என்றார்.

“எனக்கும் இல்லை” என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். நான் பார்வையை எடுக்கவில்லை. செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு எனக்கு வைத்தியரிடம் போகவேண்டும், அவர் குழாயைப் பற்றிக் கேட்பார், எனக்கு அதற்கு மறுமொழி தெரியாது, நீங்களும் கூட வாருங்கோ என்றேன். எந்தப் பாதையால் போவோம் என்று கேட்டார். சுற்றுப் பாதையால் என்றேன். தலையைக் குனிந்துகொண்டார். எழும்பி பாத்றூமுக்குப் போனார். கதவு பூட்டிய சத்தம் கேட்டது. நான் குழாய்ச் சத்தத்துக்காகக் காத்திருந்தேன்.

குழாய் திறபடவில்லை. அவர் அழுகிற சத்தம் வீடு முழுக்கக் கேட்டது. பெரிய குரல் அல்லவா, மண்டபத்துக்கே போதும். குசினியில் தவமலர் கேத்திலை அணைத்துவிட்டு அப்படியே நின்றாள்.

ஆரணி அறையை விட்டு ஓடிவந்தாள். “மாமாவுக்கு என்னப்பா? அவருக்கும் முதுகோ?”

“இல்லைப் பிள்ளை, அவற்ர முதுகுக்கு ஒரு குறையும் இல்லை” என்றேன். அவளுக்கு விளங்கவில்லை. கந்தோர்க்காரர் இன்னும் எடுத்துப்போகாத அந்த விசேஷக் கதிரையை இழுத்து எனக்கு முன்னால் போட்டேன்.

“இதில இரு, சொல்லுறன்” என்றேன்.